பிக்கப்புக்கு லிஃப்ட் கிட்: அங்குலக் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பிக்கப்பை உயர்த்த நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை அங்குலம் ஏற்றலாம்?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. வண்டியின் எந்தப் பாகம் தரையில் இடிக்கிறது, காலியாகப் போகும்போது இடிக்கிறதா, பாரத்தோடு போகும்போது மட்டும் இடிக்கிறதா என்பது தெரிந்துவிட்டால் அங்குலக் கணக்கு தானாக வந்துவிடும். பல வண்டிகளுக்கு அந்தக் கணக்கு பூஜ்யத்தில்கூட முடியலாம்.

நான் தேனீ வளர்ப்பவன். பூக்கும் பருவத்தைப் பின்தொடர்ந்து பெட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பேன். இருட்டிய பிறகு வாசலை அடைத்து, பெட்டிகளை இரண்டு அடுக்காக ஏற்றி, நாடா போட்டு இறுக்கி, விடிவதற்குள் புதிய இடத்தில் இறக்கியாக வேண்டும். போகிற பாதைகள் டிராக்டர் டயர்கள் பள்ளம் பறித்தவை. நடுவே மேடு, ஆங்காங்கே ஓடையில் இறங்கி ஏறும் சரிவு. என் வண்டி சாதாரண டபுள் கேப் பிக்கப். முன்னால் காயில் ஸ்பிரிங்குடன் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன். பின்னால் முழு ஆக்சில், அதன்மேல் ஸ்பிரிங் பட்டைகள். இன்றைய நடுத்தர பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான். அடிப்பாகம் உரசும் சத்தம் அடிக்கடி கேட்கத் தொடங்கியதும் வண்டியை உயர்த்தும் பாகத் தொகுப்பான லிஃப்ட் கிட் பற்றிய யோசனை வந்தது. இருட்டில், உயிருள்ள பாரத்தோடு போகும்போது அடியிலிருந்து கேட்கும் ஒவ்வோர் இடியும் வயிற்றைக் கலக்கும்.

எனக்கு வழக்கமாக வேலை செய்து தரும் மூத்த மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் கிட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, அடிப்பாகம் முழுக்க வெள்ளை பெயிண்ட் தெளித்துக்கொண்டு வழக்கமான பாதையில் ஒருமுறை காலியாகவும் ஒருமுறை பாரத்தோடும் போய்விட்டு வாருங்கள். எங்கே பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்" என்றார்.

இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை அதுதான். மலிவான ஸ்பிரே பெயிண்ட் போதும். பிரேக் பாகங்களிலும் எக்சாஸ்ட் குழாயிலும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலியாகப் போய் வந்தபோது பக்கவாட்டுக் கால்படிகளின் கீழ்விளிம்பும், பின் ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கும் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்களின் கூடு) உரசியிருந்தன. பாரத்தோடு போனபோது அவற்றோடு டிரெய்லர் கொக்கியும் சேர்ந்துகொண்டது. முன் பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் நடுப்பகுதியும் சுத்தமாக இருந்தது. பின் சக்கரங்களுக்கு மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் கட்டையில் மட்டும் ஆக்சில் வந்து முட்டிய தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

அந்தத் தடம் சொன்ன செய்தி முக்கியமானது. என் வண்டியின் உயரம் குறைவாக இருக்கவில்லை. பின் பட்டைகள் சோர்ந்துபோயிருந்தன. சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் டேப் வைத்து அளந்தோம், காலியாகவும் பாரத்தோடும். பாரம் ஏறியதும் பின்பக்கம் மிக அதிகமாக இறங்கியது. ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்தும் இருந்தது. புதிய பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வால்பக்கம் சற்றுத் தூக்கலாக இருக்கும். பாரம் ஏறினால் வண்டி சமமாக நிற்கட்டும் என்று தொழிற்சாலையிலேயே அப்படி அமைக்கிறார்கள். அந்தத் தூக்கல் காணாமல்போயிருந்தால், லிஃப்ட் கிட் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பட்டைகளைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சஸ்பென்ஷன் லிஃப்ட் உயர்த்துவது சேசிஸையும் அதற்கு மேலே இருப்பவற்றையும் மட்டுமே. பின் ஆக்சிலும் அதன் டிஃபரன்ஷியலும் சக்கரங்களோடு கட்டுண்டவை. நான்கு அங்குல லிஃப்ட் போட்டாலும் அவை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அவற்றை உயர்த்த நடைமுறையில் உள்ள வழி பெரிய டயர்தான். அதிலும் கூடுகிற விட்டத்தில் பாதிதான் கிடைக்கும். 265/65ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ.; 265/70ஆர்17 டயருக்கு அது சுமார் 803 மி.மீ. டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் கூடுதல் இடைவெளி 13 மி.மீ. சொச்சம். அதற்கு மேல் வேண்டும் என்றால் இன்னும் பெரிய டயர், அது சக்கரக் குழியில் உரசாமல் இருக்க லிஃப்ட், அதை இழுக்கக் கியர் விகித மாற்றம் என்று செலவு சங்கிலியாகத் தொடரும்.

அப்படியானால் லிஃப்ட் எதற்குத்தான் பயன்படும்? மூன்று கோணங்களுக்கு. மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் இடிக்காமல் இருக்கும் கோணம், இறங்கி முடிக்கும்போது பின்பக்கம் இடிக்காமல் இருக்கும் கோணம், முன் சக்கரம் மேட்டைத் தாண்டிவிட்டு நடுவயிறு தட்டி நிற்காமல் இருக்கும் கோணம். பிக்கப்புகள் நீளமானவை என்பதால் இந்த மூன்றாவது கோணம்தான் அவற்றின் நிரந்தரப் பலவீனம். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் சொச்சம் இருக்கும் வண்டியில் 40 மி.மீ. உயரம் அந்தக் கோணத்தை ஏறத்தாழ 3 டிகிரி கூட்டும். பெயிண்ட் சோதனையில் உங்கள் வண்டியின் பம்பரும் நடுச்சேசிஸும் உரிந்திருந்தால் லிஃப்ட் உங்களுக்கு உண்மையாகவே உதவும். என் வண்டியில் உரிந்தவற்றில் கால்படியைக் கழற்றிவிடலாம், கொக்கியைத் தேவைப்படும்போது மட்டும் மாட்டலாம். டிஃபரன்ஷியலுக்கு லிஃப்ட் மருந்தே இல்லை.

கிட்டுகளின் வகைகளுக்கு வருவோம். மிக மலிவானது ஸ்பேசர். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கம்பம்) தலையில் ஒரு வளையத்தை வைத்து, பின்னால் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு பிளாக்கைச் செருகுவார்கள். ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுவில் எங்கோ பொருந்தியிருப்பதால், வளையத்தின் தடிமனைவிடச் சக்கரத்தில் கிடைக்கும் உயரம் அதிகம். வண்டியைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை வரும். அதனால்தான் சின்ன வளையம் பெரிய வித்தை காட்டுவதுபோல் தெரிகிறது. ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது கை முன்பைவிடக் கீழே போகும். கையைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயிண்ட்டும் வடிவமைத்தவர் நினைத்துப் பார்க்காத கோணத்தில் வளையும். சி.வி. ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிவது அங்கேதான் தொடங்கும். உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போனால் ஜாயிண்ட் தாங்காது. பின்னால் வைக்கும் பிளாக்கும் அளவாக இருக்கும் வரைதான் சரி. உயரமான பிளாக், ஆக்சில் முறுக்கும்போது பட்டையை வளைக்கும் நெம்புகோலாக மாறிவிடும்.

இன்னொரு வகை, ஸ்பிரிங்கை உள்ளேயே கூடுதலாக அழுத்தி வைக்கும் ஸ்பேசர். இதில் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் தரையைத் தேடிப் போகாமல் அந்தரத்தில் தொங்கும். பாடி லிஃப்ட் என்பது சேசிஸுக்கும் மேல்கூட்டுக்கும் நடுவே கட்டைகள் வைப்பது. பெரிய டயருக்கு இடம் தரும், அவ்வளவுதான். அடிப்பாகம் இருந்த இடத்திலேயே இருக்கும். நான்கு முதல் ஆறு அங்குலம் வரை போகும் பெரிய கிட்டுகளில் முன் டிஃபரன்ஷியலையும் குறுக்குச் சட்டத்தையும் பிராக்கெட் போட்டுக் கீழே இறக்குவார்கள். சி.வி. கோணம் காப்பாற்றப்படும், ஆனால் உயர்த்திய இடைவெளியில் ஒரு பகுதி அந்தச் சட்டத்துக்கே போய்விடும். நான் பரிந்துரைப்பது ஸ்பிரிங், பட்டை, ஷாக் அப்சார்பர் ஆகிய மூன்றையும் பொருத்தம் பார்த்துச் சேர்த்து மாற்றும் முறையைத்தான். செலவு அதிகம். ஆனால் உயரத்தோடு ஸ்பிரிங்கின் வலுவும் ஷாக்கின் நீளமும் சேர்ந்து மாறுவது அதில் மட்டுமே.

என்னைப் பெரிய லிஃப்டிலிருந்து விலக்கியது கவிழும் அபாயம். அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வண்டிகளின் கவிழும் தன்மையை மதிப்பிடப் பயன்படுத்தும் கணக்கு எளிமையானது. இடது வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். எண் சிறியதாக ஆக, வண்டி கவிழ்வது எளிதாகும். அகலம் 1540 மி.மீ., எடை மையம் 700 மி.மீ. உயரத்தில் இருக்கும் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டால் விடை 1.10. எடை மையம் 50 மி.மீ. உயர்ந்தால் 1.03. இது காலி வண்டிக்கு. நான் ஏற்றுவதோ இரண்டு அடுக்குப் பெட்டிகள். பாரத்தின் மையமே வண்டியின் பின்தொட்டி விளிம்புக்கு அருகில் நிற்கும். ஓரம் சரிந்த பாதையில், ஒரு பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்து நிற்கும் கணங்களை அனுபவித்தவர்களுக்கு அந்த இரண்டாம் தசமத்தின் அருமை தெரியும். வண்டி சறுக்காமல் தானாகப் பிரேக் பிடித்துக் காக்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் தொழிற்சாலை உயரத்தை வைத்தே சரிசெய்யப்பட்டது.

அடுத்த தடையைச் சொன்னவன் என் தம்பி. பெட்டிகளை என்னோடு தூக்குபவன் அவன்தான். "அண்ணா, தொட்டி இப்போதே இடுப்புக்கு மேலே இருக்கிறது. இன்னும் நான்கு அங்குலம் உயர்ந்தால் தேன் நிறைந்த பெட்டியை எப்படி ஏற்றுவது?" என்றான். தேன் நிரம்பிய பெரிய லாங்ஸ்ட்ராத் வகைத் தேனீப்பெட்டி ஒன்று 30 கிலோவைத் தாண்டும். அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது வேறு, நெஞ்சு உயரத்துக்குத் தூக்குவது வேறு. முதுகு இரண்டையும் ஒன்றாக எண்ணாது. உங்கள் பாரம் மூட்டையோ, கருவிப் பெட்டியோ, சிலிண்டரோ எதுவாக இருந்தாலும், லிஃப்டின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைக் கீழே வைத்து, பாரத்தை அந்தக் கூடுதல் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். வீட்டில் முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் அவர்களையும் அந்த உயரத்துக்கு ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

பிரேக் விஷயம் இதைவிடத் தீவிரமானது. பல பிக்கப்புகளில் சேசிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். பாரம் ஏறி சேசிஸ் தாழ்ந்தால் அந்தக் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். காலியாக இருந்தால் குறைக்கும். பின்பக்கத்தை உயர்த்திவிட்டு இந்தக் கம்பியை அப்படியே விட்டால், முழுப் பாரம் ஏறியிருக்கும்போதும் வண்டி காலி என்றே வால்வு முடிவு செய்யும். பின் பிரேக் தேவையான அளவு பிடிக்காது. உயரத்துக்கு ஏற்ப அதற்கென்று ஒரு பிராக்கெட் போட வேண்டும், அல்லது கையேட்டில் உள்ளபடி கம்பியைச் சரிசெய்ய வேண்டும். வேலையை ஒப்படைக்கும் முன் "பாரம் உணரும் பிரேக் வால்வை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். நான் விசாரித்த ஓர் இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அங்கே வண்டியை விட எனக்கு மனம் வரவில்லை.

இறுதியில் நாங்கள் எடுத்த முடிவு சிறியது. பின்னால் புதிய பட்டைத் தொகுதி, முன்னால் அதற்குப் பொருந்தும் காயில் ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர். சோர்ந்துபோன உயரத்தை மீட்டு, தொழிற்சாலை உயரத்துக்கு மேல் சுமார் 40 மி.மீ. மட்டும் ஏற்றினோம். டயர் நான் மேலே சொன்ன ஒரு படி பெரிய அளவு. கால்படிகள் கழன்றன. முன்பக்கத்தை அதிகம் உயர்த்தி வண்டியைச் சமமாக நிறுத்தும் லெவலிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலியாக இருக்கும்போது அழகாகத் தெரியும். பாரம் ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும்.

பட்டை எவ்வளவு வலுவானதாக இருக்க வேண்டும் என்பதில்தான் அதிக நேரம் யோசித்தேன். எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிகளுக்கான கனமான பட்டையும் கிடைத்தது. அதைப் போட்டால் காலியாகத் திரும்பும்போது வண்டி குதிக்கும். குறைந்த பாரத்தோடு போனால் அந்தக் குதிப்பு பெட்டிக்குள் இருக்கும் அடைகளுக்குப் போகும். புதிதாகக் கட்டிய மெல்லிய அடை சட்டத்திலிருந்து முறிந்து விழுந்தால் ராணி நசுங்கக்கூடும். ஆகவே நடுத்தர வலுவை எடுத்தேன். நீங்களும் உங்கள் வண்டியில் வழக்கமாக ஏறும் எடையை எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி அறிந்துகொண்டு, அந்த எடைக்குரிய பட்டையைக் கேளுங்கள். மனக்கணக்கு பெரும்பாலும் தவறும். இன்னொன்று: வலுவான பட்டை போட்டதால் வண்டியின் மொத்த எடை வரம்பு உயராது. ஆக்சில், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவைதான்.

வேலை நடக்கும்போது உடன் இருந்தேன்; முடிந்தால் நீங்களும் இருங்கள். பார்க்க வேண்டியவை சில உண்டு. பட்டையின் முனை வளையங்களிலும் சஸ்பென்ஷன் கைகளிலும் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தரையில் நின்று தன் எடையைத் தாங்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பட்டறையில் வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டபடியே இறுக்கிவிட்டால், வண்டி இறங்கி நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஆக்சிலைப் பட்டையோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கும்போதே நீள்பவை. பழையதை மறுபடி போட விடாதீர்கள். சக்கரங்கள் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

பிறகு வீல் அலைன்மெண்ட். முன்பக்கம் உயர்ந்தால் கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) பெரும்பாலும் குறையும். அது குறைந்தால் நேர்சாலையில் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் பழக்கம் மங்கி, வண்டி அலைபாயும். 40 மி.மீ. அளவில் எங்கள் வண்டியின் சொந்தச் சரிசெய்தலிலேயே எண்கள் வரம்புக்குள் வந்துவிட்டன. அதற்கு மேல் போகிறவர்கள் சரிசெய்யக்கூடிய மேல்கைகளுக்கும் (சக்கரத்தை மேலே பிடிக்கும் சஸ்பென்ஷன் கைகள்) சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஹெட்லைட்டை மறுபடி இறக்கிச் சரிசெய்தோம். கண்ணாடியில் கேமராவும் முகப்பில் ராடாரும் உள்ள புதிய வண்டிகளுக்கு அவற்றின் அளவீட்டையும் திரும்பச் செய்ய வேண்டும். பதிவு, காப்பீடு, உத்தரவாதம் பற்றி விதிகள் இடத்துக்கு இடம் மாறும். வேலைக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

முதல் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டுகளையும், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது. புதிய பட்டைகள் படிந்து உட்கார்ந்ததும் எங்கள் யூ போல்ட்டுகளில் இரண்டு உண்மையாகவே தளர்ந்திருந்தன.

இப்போது எப்படி இருக்கிறது? பாரத்தோடு போகும்போது பம்ப் ஸ்டாப்பில் முட்டுவது நின்றுவிட்டது. கால்படியும் கொக்கியும் இல்லாததால் பாதி சத்தம் அன்றே போனது. டிஃபரன்ஷியல் இன்னமும் சில இடங்களில் உரசுகிறது. அதற்கு ஓட்டும் முறைதான் வழி: நடுமேட்டைச் சக்கரங்களுக்கு நடுவே விடாமல், ஒரு பக்கச் சக்கரத்தை அந்த மேட்டின் மேலேயே ஏற்றி ஓட்டுகிறேன். டயர் பெரிதானதால் ஸ்பீடோமீட்டர் முன்பு 100 காட்டிய இடத்தில் இப்போது வண்டி சுமார் 3.4 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகிறது. தூரக் கணக்கும் அதே அளவு குறைவாகப் பதிவாகிறது. எண்ணெய் மாற்றும் இடைவெளியைக் கணக்கிடும்போது அதை நினைவில் வைத்துக்கொள்கிறேன். எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது. வளைவுகளில் பாரத்தோடு போகும்போது வண்டி முன்பைவிடக் குறைவாகவே சாய்கிறது. அந்தப் பெருமை உயரத்துக்கு உரியதல்ல. புதிய ஷாக் அப்சார்பருக்கும் பட்டைக்கும் உரியது.

பெரிய லிஃப்ட் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாறைப் பாதைகளில் ஓட்டுவதே நோக்கமாக, அதிக பாரம் ஏற்றாமல், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகச் சம்மதிப்பவர்கள், மேல்கை முதல் கியர் விகிதம் வரை முழுச் செலவையும் ஏற்கத் தயாராக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். பாதிச் செலவில் பாதி வேலையாகச் செய்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஏற்கெனவே உயர்த்திய பழைய பிக்கப்பை வாங்குகிறவர்களும் இதையெல்லாம் பார்க்க வேண்டும். டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா, சி.வி. உறையின் மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் வால்வின் கம்பி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அலைன்மெண்ட் தாளைக் கேளுங்கள். பின் ஆக்சிலின் மேல் பிளாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.